உச்சி வெயிலில் காலியாக இருந்த மைதானம்

போன மாதம் திருப்பதியில் நடந்த, நகரமைப்பு அலுவலர்களான உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். சால்வை போட்டீர்கள். சித்தூரின் அழகான பூங்காவை உருவாக்கியவர் என்று அறிமுகம் செய்து, திரையில் அதன் படத்தைக் காட்டினீர்கள். பச்சைப் புல்வெளி, நீரூற்று, நடைபாதை, ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுயரத்துக்கு நிறுத்திய எழுத்துகள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அந்த இடத்தை எடுத்தப்போ ஜனங்ககிட்டேருந்து எதிர்ப்பு வரலையா சார்? எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார்.

"எதிர்ப்பே வரலம்மா" என்றேன். எல்லோரும் கைதட்டினீர்கள்.

நான் சொன்னது பொய்யில்லை. எதிர்ப்பு வரவில்லைதான். வராதபடி எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதைத்தான் அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டும். நானும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். கைதட்டலைக் கேட்டதும் வாய் மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தச் சால்வையைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. உங்கள் மேலும் வந்தது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தெலுங்கில் கோப்பு எழுதி, தெலுங்கில் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றேன். இதை மட்டும் தமிழில் எழுதுகிறேன். புத்தூர், நகரி, சத்யவேடு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கும் உங்களில் சிலருக்கு இதைப் படிக்கத் தெரியும். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு அதிகாரி இருந்தார். பெயர் வேண்டாம். கெட்டவர் இல்லை. லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர். எந்தக் கூட்டத்திலும் குரல் உயர்த்தாதவர். ஒரு நிலத்தைப் பார்வையிட நான் முதன்முதலாகத் தனியாகக் கிளம்பிய அன்று என்னை நிறுத்திச் சொன்னார்: "எண்டலோ வெள்ளவய்யா. எவரூ ராரு." வெயிலில் போ, யாரும் வரமாட்டார்கள்.

அதைவிடச் சுருக்கமாக எங்கள் தொழிலை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. உச்சி வெயிலில் ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள் அல்லது அவர்களும் வேலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளியில். யாரும் வந்து சூழ்ந்துகொண்டு "இன்னாத்துக்கு அளக்கிறீங்க?" என்று கேட்கமாட்டார்கள். மனு வராது. தலைவர்கள் வரமாட்டார்கள். ஒரு தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தால் போதும். வேலை நிம்மதியாக முடிந்துவிடும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் போனோம். அதை அனுபவம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். எங்கள் வரைபடங்கள் எல்லாமே நடுப்பகலின் வரைபடங்கள். சித்தூர் என்கிற ஊர் சாயங்காலத்தில் எப்படி இருக்கும் என்பது அவற்றில் எதிலும் இல்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நகரத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தைப் புதுப்பிக்கும் வேலை என்னிடம் வந்தது. வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை என்று நிறம் கொடுப்போம். எதற்கும் பயன்படாத காலி நிலத்துக்கு நிறம் கொடுக்காமல் வெள்ளையாக விட்டுவிடுவோம். வெள்ளையாக இருக்கும் இடத்தைப் பார்த்தால் மேலிடத்துக்குக் கை அரிக்கும். எதையாவது கட்டலாம் என்று தோன்றும்.

மாம்பழ மண்டிக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. அதைச் சுற்றி வாடகை வீட்டு வரிசைகள். ஒரு நடைக்குள் ஐந்தாறு குடும்பங்கள். மண்டியில் கூடை தூக்குகிறவர்கள், மாம்பழக் கூழ் ஆலையில் வேலை செய்கிறவர்கள், எல்லை மண்டலங்களிலிருந்து நிலம் விட்டு வந்த, தமிழ் பேசும் நம் ஆட்கள். நான் வழக்கம்போல வெயிலில் போனேன். மைதானத்தில் ஒரு நாயும் ஒரு புங்க மரமும் இருந்தன. நாய் மர நிழலில் படுத்திருந்தது.

மரத்தருகே தரையில் வரிசையாகக் குழிகள் இருந்தன. எதிரெதிராக, ஒரே இடைவெளியில், உள்ளே சில்லுக்கல் பதித்து விளிம்பு கட்டிய குழிகள். யாரோ கவனமாகச் செய்தவை. குனிந்து பார்த்தேன். காய்ந்த சாமந்தி இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. என்ன எழுதினேன் தெரியுமா? "மேடு பள்ளமாக உள்ளது, சமன்படுத்த வேண்டும்."

அவை பந்தல் கால் நடும் குழிகள். அந்த வரிசை வீடுகளில் யார் செத்தாலும் அங்கேதான் கிடத்துவார்கள். வாடகை வீட்டுக்குள் பிணத்தைக் கொண்டுவர வீட்டுக்காரர் விடமாட்டார். மற்றக் குடித்தனக்காரர்கள் காலி செய்துவிடுவார்கள் என்று பயம். தீட்டு என்கிற பேச்சு வேறு. குடிவரும்போதே வாய்வார்த்தையாக இதைச் சொல்லித்தான் சாவியைத் தருவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி நேராக மைதானத்துக்கு வரும். நாலு கால் நட்டு ஷாமியானா கட்டி, பிணத்தைக் குளிரில் வைக்கும் கண்ணாடிப் பெட்டியை வைத்து, பக்கத்து டீக்கடையிலிருந்து மின்சார ஒயரை இழுத்து, வெளியூர்ச் சொந்தம் வந்து முகம் பார்க்கும் வரைக்கும் வைத்திருப்பார்கள். அங்கே சொந்த வீடு என்று ஒன்று இல்லாதவர்களுக்குச் சாவுக்கு ஒரு வாசல் இருந்தது. அது அந்த மைதானம்.

இதெல்லாம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் எனக்குத் தெரியும். அலுவலகம் முடிந்து அந்த வழியாகத்தான் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவேன். ஷாமியானாவைப் பார்த்திருக்கிறேன். மேளச் சத்தம் கேட்டிருக்கிறேன். ஒருமுறை நாற்காலிகளைச் சாலை வரைக்கும் போட்டிருந்தார்கள் என்று எரிச்சலோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியில் போயிருக்கிறேன். சாயங்காலம் நான் பார்த்தது வேறு யாரோ பார்த்தது. வெயிலில் பார்த்ததுதான் அரசாங்கம் பார்த்தது. அப்படி ஒரு மூளையை நாங்கள் வளர்த்து வைத்திருந்தோம். அதன்படி அந்த இடத்தை வெள்ளையாக விட்டேன்.

பூங்கா வந்தது. ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று நாங்கள் கொடுத்த அறிவிப்பு, கூடை தூக்குகிற யாரும் வாங்காத ஒரு பத்திரிகையின் மூலையில் வந்தது. ஆட்சேபணை ஏதுமில்லை என்று எழுதி முடித்தேன். குழிகளை மண் கொட்டி நிரவினார்கள். சுற்றிலும் கூர்முனை வைத்த இரும்பு வேலி போட்டார்கள். யாரும் படுத்துவிடக் கூடாது என்று பெஞ்சுக்கு நடுவில் ஒரு இரும்புக் கம்பி. அந்தக் கம்பி என் யோசனை. அதற்காகக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். என்னென்ன செய்யக் கூடாது என்று ஒரு பெரிய பலகை. என்ன செய்யலாம் என்று எங்கும் எழுதவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பிற்பகல் நான் வாசலில் நின்று வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தேன். அமைச்சர் வருகிறார். புல்லை அப்போதுதான் பாய் பாயாகக் கொண்டுவந்து விரித்திருந்தார்கள். ஒரு வண்டி வந்து நின்றது. கண்ணாடிப் பெட்டியை நாலு பேர் இறக்கினார்கள். பின்னாலேயே ஒரு அம்மாள் வந்தார். அவர் பெயர் சரோஜா என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவருடைய கணவர் முனுசாமி மண்டியில் கூடை தூக்குகிறவர். காலையில் மண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்.

சரோஜா நேராக என்னிடம் வந்தார்.

"சாரு, எங்க ஊட்டுக்காரரு பூட்டாரு. பொண்ணு பெங்களூர்லருந்து வந்துகினு கீது. பஸ்ல கீது. அது வந்து மொகம் பாக்கிற வரிக்கும் ஓரமா வெச்சிக்கிறோம். கேட்ட மட்டும் தெறந்து உடு சாரு."

"குதரதம்மா" என்றேன். முடியாதம்மா. மறுநாள் திறப்பு விழா, விதிகள் இடம் தராது என்பதையும் தெலுங்கிலேயே சொன்னேன்.

உங்களுக்கு இந்தப் பழக்கம் புரியும். நம் ஊரில் யாராவது வந்து தமிழில் கெஞ்சினால் தெலுங்குக்கு மாறிவிடுவோம். தெலுங்கில் பேசும்போது நாம் அரசாங்கம் ஆகிவிடுகிறோம். தமிழில் பேசினால் பக்கத்து ஊர்க்காரன் ஆகிவிடுவோம் என்று பயம்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சாரு தெலுங்குல பேசற? நீ புத்தூர் பக்கத்து ஆளுன்னு ஒங்க டிரைவரே சொல்லிகினு கீறான். நான் இன்னா பட்டாவா கேக்கறேன்? முடியாதுன்னு தமிழ்ல சொல்லு பாக்கலாம்."

"குதரதம்மா" என்றேன் மறுபடியும்.

டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்திருந்தார். "இன்னா சாரு பயம்? செத்தவரு எழுந்து நடந்து புல்ல மிதிச்சிடுவாருன்னா?" என்றார். பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாவி காவலாளியிடம் இருந்தது. அவன் ஒரு கையில் பூட்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையை அசைத்தால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

அந்தச் சமயத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அமைச்சருக்குப் பயந்தேன் என்று நினைப்பீர்கள். அதைவிட இன்னொன்றுக்கு அதிகமாகப் பயந்தேன். இன்று ஒருவருக்குத் திறந்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள், முன்னுதாரணம் ஆகிவிடும். முன்னுதாரணம்! அந்த மைதானத்தில் எத்தனையோ சாவு கிடந்து, எத்தனையோ முகம் பார்த்து, எத்தனையோ பேர் அழுது முடித்திருக்கிறார்கள். முன்னுதாரணம் அங்கே குழி குழியாக இருந்தது. அதை மண் போட்டு மூடியவன் நான். மூடிவிட்டு, புதிதாக ஒன்று உண்டாகிவிடுமோ என்று நடுங்கினேன்.

நான் தலையை அசைக்கவில்லை.

வேலிக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த நடைபாதை ஓரத்தில் பெட்டியை வைத்தார்கள். டீக்கடைக்காரர் ஒயரை இழுத்துக் கொடுத்தார். பெண்கள் தரையில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே அழுதார்கள். சரோஜா ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு, "எங்க வர்ற? பலமநேரு தாண்டிட்டியா?" என்று மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் போலீஸ் வந்தது. மறுநாள் அமைச்சர் வண்டிகள் வரும் சாலை என்பதால் ஒரு ஒத்திகை ஓட்டம் இருந்ததாம். சாலையோரம் எதுவும் இருக்கக் கூடாது. "இதை எடுக்க வேண்டியதுதான், என்ன சார்?" என்று வந்திருந்த எஸ்.ஐ. என்னைக் கேட்டார். அவரும் என் முகத்தைத்தான் பார்த்தார். அவருக்கும் ஒரு தலையசைப்புத் தேவைப்பட்டது. இந்தமுறை அசைத்தேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் சாரு. பொண்ணு வந்துகினே கீது சாரு" என்று சரோஜா சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூக்கினார்கள். சுடுகாட்டில் காத்திருக்கலாம் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். அங்கே காத்திருக்க விளக்கு இல்லை, பெட்டியை இயக்க மின்சாரம் இல்லை. இருட்டுவதற்குள் புதைத்துவிட்டார்கள். மகள் கலா வந்து சேர்ந்தபோது ஈரமண்தான் இருந்தது.

மறுநாள் கத்திரிக்கோல் தட்டை ஏந்திக்கொண்டு நான் அமைச்சர் பக்கத்தில் நின்றேன். அந்தப் படம்கூட உங்கள் திரையில் வந்தது.

அதற்குப் பிறகு அந்த வரிசை வீடுகளில் என்ன நடந்தது என்பதை எந்த வரைபடமும் காட்டாது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. "வயசானவங்க யாராச்சும் கூட இருக்காங்களா?" மைதானம் இருந்தவரைக்கும் அந்தக் கேள்விக்கு அவசியமில்லாமல் இருந்தது. இப்போது அப்பா அம்மாவை மறைத்து வீடு பிடிக்கிறார்கள். சீக்காளியை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு புல்வெளி விரித்ததால் ஒரு பேட்டையில் கிழவர்களுக்கு இடமில்லாமல் போனது. இதை நான் வீடு வீடாகப் போய்த் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு. சாயங்காலங்களில்.

இப்போது உங்கள் மேல் உள்ள கோபத்துக்கு வருகிறேன்.

பூங்காவின் ஒரு மூலையை வேலியால் பிரித்து, சாலைப் பக்கம் தனி வாசல் வைத்து, ஒரு கூரை, ஒரு குழாய், ஒரு மின்சார இணைப்பு, இவ்வளவு மட்டும் செய்து தாருங்கள் என்று, உங்களில் சிலர் வேலை பார்க்கும் சித்தூர் அலுவலகத்துக்கு மனு கொடுத்தேன். வரைபடமும் நானே போட்டுக் கொடுத்தேன். பதில் வந்தது. பூங்காவின் நோக்கத்துக்கு மாறானது என்பதால் பரிசீலிக்க இயலாது. அந்த வாக்கியம் என்னுடையது. பழைய கோப்புகளில் நான் எழுதி வைத்ததை ஒரு எழுத்து மாற்றாமல் உங்களில் ஒருவர் எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். கீழே பார்வையிட்ட குறிப்பும் இருந்தது: "இடத்தில் அத்தகைய தேவை எதுவும் காணப்படவில்லை." அதை எழுதியவரை நேரில் வந்து கேட்டேன், எப்போது போய்ப் பார்த்தீர்கள் என்று. "மத்தியானம் சார், கூட்டம் இருக்காதுன்னு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அங்கேயே அவர் மேசையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. யார் கற்றுக்கொடுத்தது இது உங்களுக்கு? எனக்கு ஒருவர் கற்றுக்கொடுத்தார். உங்களுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். என் கீழ் வேலை பார்த்தவர்கள்தானே இன்று உங்களுக்கு மேலதிகாரிகள்.

சித்தூரிலும் திருப்பதியிலும் இப்போது எத்தனை இடத்தை வெள்ளையாக விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. போங்கள். வெயில் தாழ்ந்து போங்கள். ஜனங்கள் வந்து சூழ்ந்துகொள்ளட்டும். திட்டட்டும், சட்டையைப் பிடிக்கட்டும். தரையில் குழி இருந்தால் அது என்ன குழி என்று கேளுங்கள். கேட்கும்போது அவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்களோ அந்த மொழியில் கேளுங்கள். நான் கொடுத்த மனு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதை மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.

உங்கள் வகுப்பில் பேசிய மறுநாள் மறுபடியும் திருப்பதிக்கு வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூர் போனேன். சரோஜா இப்போது மகளோடு அங்கே இருக்கிறார் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்த கலா, லாட்ஜுகள் இருக்கும் தெருவில் ஒரு இட்லிக் கடை வைத்திருக்கிறாள். சரோஜா உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வா சாரு" என்றார். உட்காரச் சொன்னார். மிக்ஸியை நிறுத்தவில்லை.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் கேட்டைத் திறந்திருக்க வேண்டும், திறக்காதது என் தப்பு, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் மிக்ஸியை நிறுத்தினார். "இப்ப தமிழ் நல்லா வர்து" என்றார்.

அரைத்த சட்னியைக் கிண்ணத்தில் வழித்தார். பிறகு, "என்கிட்ட மன்னிப்பு கேட்டு இன்னா ஆவப்போது சாரு? அந்த கேட்டு இன்னும் பூட்டித்தான கீது?" என்றார்.

கலா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரில் நின்றாள். அவளிடம் கோபம் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா சார்? எங்கம்மா அன்னிக்கு அழுதுகினே இருந்ததுல ஒண்ணும் ஞாபகம் இல்லன்றா. யாரும் போட்டோவும் எடுக்கல. நீங்க கிட்டக்கவே நின்னீங்களாமே." கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்க நைனா மொகம் எப்டி இருந்துச்சு சார்? தூங்கறாப்பல இருந்துச்சா? வலி தெரிஞ்சிதா?"

பெட்டி எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மூடி கண்ணாடி. நான் அங்கே மாலை வரைக்கும் நின்றேன். நடைபாதை விளிம்புக் கல்லுக்கு அன்று காலைதான் மஞ்சளும் கறுப்புமாக வண்ணம் அடித்திருந்தார்கள். பெட்டியின் கால் அதில் ஏறிக் கீறிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். ரப்பர் தேய்ந்து ஒரு பக்கம் இரும்பு தெரிந்தது.

ஏதாவது ஒரு பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தூங்குவது போலத்தான் இருந்தது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் பாக்கலம்மா" என்றேன்.

அவள் சரி என்பதுபோலத் தலையை அசைத்தாள். வாசலில் யாரோ இரண்டு இட்லி கேட்டார்கள். திரும்பி, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.